சேஃப்டி ஜாக்கெட்டும் கணுக்கால் பட்டையும்: இரவில் சைக்கிளில் வீடு திரும்புகிறவர்களுக்கு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறேன். தையலை இழுத்துப் பார்ப்பது, பிசிறு வெட்டுவது, இன்ச் டேப் வைத்து அளப்பது, தேறாததை ஒதுக்குவது, இதுதான் நாள் முழுக்க வேலை. வீட்டுக்கும் கம்பெனிக்கும் சைக்கிள்தான். ஒன்றரை ஷிஃப்ட் என்றால் இரவு எட்டரைக்கு மேல்தான் கேட்டைத் தாண்ட முடியும். அந்த நேரத்தில் எல்லாக் கம்பெனி வேன்களும் ஒன்றாகக் கிளம்பும். துணி லோடு ஏற்றிய டாடா ஏஸ்கள், சாயப்பட்டறைக்குப் போகும் லாரிகள், நடுவில் சைக்கிள்கள். அதனால் சேஃப்டி ஜாக்கெட் எனக்கு விளையாட்டுச் சாமான் இல்லை. இரண்டு ஜாக்கெட்டுகளையும் ஒரு ஜோடிக் கணுக்கால் பட்டையையும் மழைக்காலம், பனிக்காலம், வெயில்காலம் எல்லாவற்றிலும் போட்டுப் பார்த்துவிட்டேன். துணி வேலை தெரிந்தவள் என்பதால் சிலவற்றை அவிழ்த்தும் பார்த்தேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜாக்கெட் உதவுகிறது. ஆனால் பகலில் உதவுவது அதன் நிறம், இரவில் உதவுவது அதன் மேல் தைத்திருக்கும் வெள்ளிப் பட்டை. இரண்டும் வேறு வேறு வேலை. கடைக்காரர் காட்டும்போது நம் கண் நிறத்தைத்தான் பார்க்கிறது. இரவில் சைக்கிள் ஓட்டுகிறவர் பட்டையைப் பார்த்து வாங்க வேண்டும். அதைவிட முக்கியம், அந்தப் பட்டை முதுகில் மட்டும் இல்லாமல் காலிலும் இருக்க வேண்டும்.

முதல் ஜாக்கெட்டை பெயின்ட், பைப் விற்கும் கடையில் வாங்கினேன். விலை 100 ரூபாய்க்குள். ரோட்டு வேலை செய்கிறவர்கள் போடுவார்களே, அந்தப் பச்சை மஞ்சள் வலைத்துணி. காற்று நன்றாகப் போகிறது, நம் ஊர் வெயிலுக்கு அது பெரிய நல்ல விஷயம். ஆனால் துணியில் பாதி ஓட்டை என்றால் ஒளிர்கிற பரப்பும் அந்த அளவுக்குக் குறைகிறது. பக்கவாட்டில் துணியே கிடையாது, இரண்டு எலாஸ்டிக் மட்டும். குறுக்குத் தெருவிலிருந்து வருகிறவருக்கு என் பக்கம்தான் தெரியும், அங்கே காட்ட ஒன்றும் இல்லை. பட்டையைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டினேன், வெள்ளிப் பூச்சு தூளாக வந்தது. சில சலவைக்குள் மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெடித்துவிட்டது.

பட்டையைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அறையை இருட்டாக்கிவிட்டு, ஜாக்கெட்டைப் பத்தடி தள்ளி மாட்டுங்கள். செல்போன் டார்ச்சைப் போட்டுக் கண்ணுக்குப் பக்கத்தில், கன்னத்தை ஒட்டிப் பிடித்துக்கொண்டு பாருங்கள். கையை நீட்டிப் பிடித்துப் பார்த்தால் பயனில்லை. நல்ல பட்டையில் கண்ணுக்கே தெரியாத கண்ணாடி மணிகள் பதித்திருப்பார்கள். அவை வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். அதனால்தான் ஹெட்லைட்டுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் டிரைவர் கண்ணுக்குப் பளீரென்று தெரிகிறது, பக்கத்தில் நிற்கிறவருக்கு வெறும் சாம்பல் நிறமாகத் தெரிகிறது. டார்ச்சைக் கன்னத்தில் வைத்துப் பார்க்கும்போது பட்டை வெள்ளையாக எரிந்தால் நல்லது. என் முதல் ஜாக்கெட்டின் பட்டை எரியவில்லை. வெள்ளி நிறப் பிளாஸ்டிக், அவ்வளவுதான்.

அந்தப் பச்சை மஞ்சள் நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கிக்கொண்டு, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமாக மாற்றித் தருகிற சாயம் அது. அதனால்தான் மப்பும் மந்தாரமுமான காலையிலும், பொழுது சாயும் நேரத்திலும் மற்ற நிறங்கள் மங்கும்போது அது மட்டும் தூக்கித் தெரிகிறது. ராத்திரியில் அந்தக் கதிர் ஏது? பழைய மஞ்சள் சோடியம் விளக்குக்குக் கீழே என் ஜாக்கெட்டும் பக்கத்தில் வந்தவரின் சந்தன நிறச் சட்டையும் ஒரே மாதிரிதான் இருந்தன. வெள்ளை எல்இடி விளக்குக்குக் கீழே கொஞ்சம் பரவாயில்லை. இருந்தாலும் நிறத்தை நம்பி இருட்டில் போகக் கூடாது.

இரண்டாவது ஜாக்கெட்டுக்கு 500 ரூபாயை ஒட்டி ஆனது. உள்ளே லேபிளில் இஎன் ஐஎஸ்ஓ 20471, கிளாஸ் 2 என்று இருந்தது. பளிச்சென்று தெரிய வேண்டிய பாதுகாப்பு உடைகளுக்கான தர விதி அது. லேபிளை நம்புவதை விட அளந்து பார்ப்பது எங்கள் பழக்கம். கிளாஸ் 2 என்றால் ஒளிர் துணி குறைந்தது 0.50 சதுர மீட்டர், பட்டை குறைந்தது 0.13 சதுர மீட்டர் இருக்க வேண்டும். பட்டை 5 சென்டிமீட்டர் அகலம் என்றால் மொத்தம் 2.6 மீட்டர் நீளம் வர வேண்டும். டேபிளில் விரித்துப் போட்டு இன்ச் டேப்பை ஓட்டினேன். இடுப்பைச் சுற்றி இரண்டு வரிசை, தோள் வழியாக இரண்டு வரிசை, எல்லாம் சேர்த்து அளவு தாண்டியே இருந்தது. பட்டையின் இரண்டு ஓரமும் தையல், ஒரு இன்ச்சுக்கு எத்தனை தையல் என்று எண்ணினாலும் குறை சொல்ல முடியாது. கழுத்துப் பைப்பிங் மட்டும் கொஞ்சம் மொரமொரப்பு. நீங்களும் கடையில் இன்ச் டேப் கேட்டு வாங்கி அளக்கலாம், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள்.

குறைகளும் உண்டு. முழுப் பாலியெஸ்டர். பருத்தியில் இந்த ஒளிர் நிறம் சரியாகப் பிடிக்காது என்பதால் வேறு வழியில்லை, ஆனால் மே மாதத்தில் முதுகு நனைந்துவிடுகிறது. முன்னால் வெல்க்ரோ மட்டும்தான், ஜிப் இல்லை. எதிர்க்காற்றில் திறந்துகொள்கிறது. சுடிதார் போடுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். துப்பட்டாவைப் பின்னால் முடிச்சுப் போட்டு ஜாக்கெட்டுக்கு உள்ளே விட்டுக்கொள்ளுங்கள். வெளியே விட்டால் பட்டையை மறைக்கும், சக்கரத்தில் சிக்கினால் அதைவிடப் பெரிய ஆபத்து. அப்புறம் முதுகுப் பை. பை மாட்டினால் ஐந்நூறு ரூபாய்ப் பட்டையில் பாதி பைக்குப் பின்னால் போய்விடும். நான் தூக்குப்போசியையும் பையையும் பின் கேரியரில் கட்டிவிடுகிறேன். முடியாதவர்கள் பை மேலேயே பட்டை தைத்துக்கொள்ளலாம்.

இனி காலில் கட்டும் பட்டைக்கு வருகிறேன். எலாஸ்டிக்கில் வெல்க்ரோ வைத்து, நடுவில் வெள்ளிப் பட்டை ஓடுகிற கணுக்கால் பட்டை. ஜாக்கெட்டில் கால்வாசி விலை கூட இல்லை. முதலில் பேன்ட் நுனி செயினில் மாட்டாமல் இருக்கத்தான் வாங்கினேன். பிறகு கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் விளக்கில்லாத ரோட்டில் வேன் டிரைவர் அண்ணனிடம் சொல்லி ஒரு ராத்திரி சோதித்துப் பார்த்தோம். அவர் டிம் லைட்டில் மெதுவாக வர, நானும் எங்கள் லைனில் இருக்கும் ஒரு பெண்ணும் முன்னால் சைக்கிள் மிதித்தோம். ஒருமுறை நான் ஜாக்கெட் மட்டும், அவள் கணுக்கால் பட்டை மட்டும். அப்புறம் மாற்றி. இறங்கி வந்து அவர் சொன்னது இதுதான்: "அக்கா, கோட்டு தூரத்துல ஏதோ போர்டு மாதிரி நிக்குதுங்க. காலு மேல கீழ போறதப் பார்த்தவொடனே சைக்கிள்னு தெரிஞ்சுருச்சுங்க."

ரோட்டோரத்தில் ஒளிர்கிற பொருள் எத்தனையோ இருக்கிறது. மைல்கல், வேகத்தடைப் பலகை, பாலத்துக் கைப்பிடிச் சுவர், நிறுத்தி வைத்த லாரியின் சிவப்பு வெள்ளை ஸ்டிக்கர். அசையாத ஒரு வெள்ளிப் பட்டையை டிரைவரின் மனசு அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டுக் கடந்துபோகும். மேலும் கீழும் மாறி மாறிப் போகும் இரண்டு வெளிச்சப் புள்ளிகள் என்றால் அங்கே ஒரு மனிதர் கால் அசைக்கிறார் என்று கண் சட்டெனப் பிடித்துக்கொள்ளும். மூட்டுகளில் மட்டும் புள்ளி வைத்து நடக்கவிட்டால் கூட நாம் மனிதர் என்று கண்டுகொள்கிறோம் என்று 1973-லேயே ஸ்வீடனில் யோஹான்சன் என்ற உளவியலாளர் காட்டியிருக்கிறார்.

இதை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினர் சைக்கிளுக்கே சோதித்து 2012-ல் வெளியிட்டார்கள். போக்குவரத்தில்லாத மூடிய சாலை, இரவு. கறுப்பு உடை போட்டவரை டிரைவர்கள் அடையாளம் கண்டது வெறும் 2 சதவீதம் முறைதான். ஒளிர் நிற ஜாக்கெட்டுக்கு 15 சதவீதம். வெளிச்சம் திருப்பும் பட்டையுள்ள ஜாக்கெட்டுக்கு 50. அதோடு முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டை கட்டினால் 90. எங்கள் டிரைவர் அண்ணன் சொன்னதும் இதுவும் ஒன்றுதான். அவருக்கு நாங்கள் அங்கே இருப்பது முன்பே தெரியும், அதனால் எங்கள் சோதனையை மட்டும் வைத்து யாருக்கும் நான் சொல்லியிருக்க மாட்டேன்.

பெடலின் முன்னும் பின்னும் பதித்திருக்கும் ஆரஞ்சு ரிஃப்ளெக்டருக்கும் இதே காரணம்தான். நம் ஊரில் பாதிச் சைக்கிள்களில் அது உடைந்து விழுந்திருக்கும், இல்லையென்றால் சேறு அப்பியிருக்கும். துடைத்து வையுங்கள், காசு செலவில்லை.

பகலுக்கு வருவோம். பகலில் ஜாக்கெட் தேவையா என்று எங்கள் தெருவில் கேட்கிறார்கள். டென்மார்க்கில் ஆல்போர் பல்கலைக்கழகத்தினர் செய்த ஒரு பெரிய ஆய்வு இருக்கிறது, 2018-ல் வெளிவந்தது. 6,793 சைக்கிள்காரர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினருக்கு மஞ்சள் ஒளிர் ஜாக்கெட் கொடுத்து ஓராண்டு கவனித்தார்கள். இன்னொருவர் சம்பந்தப்பட்டு காயம் ஏற்பட்ட விபத்துகள் ஜாக்கெட் போட்டவர்களிடம் 47 சதவீதம் குறைவு. ஆனால் ஒருவர் தானாகவே விழுந்த விபத்துகளும் அவர்களிடம் குறைந்திருந்தன. ஜாக்கெட் போட்டால் தானாக விழுவது குறையுமா? குறையாது. ஜாக்கெட் வாங்கினவர்கள் சின்ன விழுகையை எழுதிக் கொடுக்காமல் விட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்களே கணக்கைத் திருத்தினார்கள். திருத்திய பிறகும் 38 சதவீதம் நின்றது. தன் தரவைத் தானே சந்தேகப்பட்டுத் திருத்துகிற ஆய்வை நான் நம்புகிறேன். செக்கிங்கில் இருக்கிறவளுக்கு அந்த மனசு பிடிக்கும்.

டென்மார்க் ரோடு வேறு, நம் ரோடு வேறு. அங்கே சைக்கிளுக்குத் தனிப் பாதை இருக்கிறது. அதனால் அதே 38 சதவீதம் பல்லடம் ரோட்டில் கிடைக்கும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மார்கழிப் பனியில் காலை ஆறரைக்கு ஊத்துக்குளிப் பக்கம் போய்ப் பாருங்கள், மஞ்சள் ஜாக்கெட் எவ்வளவு தூரத்தில் தெரிகிறது, காக்கிச் சட்டை எவ்வளவு தூரத்தில் தெரிகிறது என்று உங்கள் கண்ணே சொல்லும். இரண்டு பக்கமும் பச்சை வயலாக இருக்கும் ரோட்டில் போகிறவர்கள் ஆரஞ்சு எடுக்கலாம், பச்சையில் பச்சை மஞ்சள் கொஞ்சம் கரைந்துவிடும்.

ஜாக்கெட் செய்யாத வேலையும் உண்டு. தெரிவது ஒன்று, இடம் கொடுப்பது ஒன்று. இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தின் இயன் வாக்கர் ஏழு விதமான உடைகளில் சைக்கிள் ஓட்ட வைத்து, முந்திப் போகும் வண்டிகள் எவ்வளவு இடைவெளி விட்டன என்று கருவி வைத்து அளந்தார். ஒளிர் ஜாக்கெட் போட்டாலும் சாதாரண உடை போட்டாலும் ஏறக்குறைய ஒரே இடைவெளிதான். போலீஸ் என்ற சொல்லும் கேமரா இருக்கிறது என்ற வாசகமும் உள்ள ஜாக்கெட்டுக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக விலகிப் போனார்கள். அரை மீட்டருக்கும் குறைவாக உரசிப் போனவர்கள் 1 முதல் 2 சதவீதம், அவர்கள் எந்த உடைக்கும் மாறவில்லை. அவிநாசி ரோட்டில் ஹேண்டிலை உரசிக்கொண்டு போகிற வேன் டிரைவர் என்னைப் பார்க்காமல் உரசுவதில்லை. பார்த்துக்கொண்டேதான் உரசுகிறார். அதற்கு ஜாக்கெட்டில் மருந்து இல்லை.

இதனால்தான், அடிபட்டுக் கிடக்கிறவரைப் பார்த்து "ஏன் ரிஃப்ளெக்டர் போடல?" என்று முதல் கேள்வி கேட்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. விளக்கெரியாத கம்பத்தையும், ஊருக்குள் அறுபதில் வந்த வண்டியையும் கேட்ட பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கட்டும்.

இன்னொரு எல்லையும் சொல்லிவிட வேண்டும். பட்டை தானாக எரியாது. ஹெட்லைட் அதன் மேல் பட்டால்தான் உயிர். சந்திலிருந்து மெயின் ரோட்டுக்கு நீங்கள் ஏறும்போது வண்டியின் வெளிச்சம் நேராகப் போய்க்கொண்டிருக்கும், உங்கள் மேல் விழாது. அங்கே சொந்த விளக்குதான் காப்பாற்றும். ஆகவே கையில் இருப்பது முந்நூறு ரூபாய்தான் என்றால், ஜாக்கெட்டை விட்டுவிட்டுப் பின்னால் ஒரு சிவப்பு லைட்டும் ஒரு ஜோடிக் கணுக்கால் பட்டையும் வாங்குங்கள். முன்னால் டார்ச்சையாவது கட்டுங்கள். டென்மார்க்கின் ஒடென்ஸ நகரில் 3,845 சைக்கிள்காரர்களை வைத்துப் பகலிலும் எரிகிற லைட்டைச் சோதித்ததில், லைட் பொருத்தியவர்களிடம் காயம்பட்ட விபத்துகள் மொத்தத்தில் 19 சதவீதம் குறைவு. லைட்டுக்குப் பிறகு கணுக்கால் பட்டை, அதற்குப் பிறகு ஜாக்கெட். மூன்றும் முடிந்தால் மிக நல்லது.

மழையைப் பற்றி எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. கண்ணாடி மணி வெளியே தெரிகிற மாதிரி பதித்த பட்டையில் தண்ணீர்ப் படலம் படிந்தால் ஒளி திரும்புவது நன்றாகக் குறைந்துவிடும். ஐப்பசி மழையில் என் இரண்டாவது ஜாக்கெட் மங்கினாலும் தெரிந்தது. ரெயின்கோட் போடுகிறவர்கள் ஜாக்கெட்டை ரெயின்கோட்டுக்கு மேலே போடுங்கள். ரெயின்கோட்டுக்கு உள்ளே ஜாக்கெட் போட்டுப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன், மனசு பதறுகிறது.

துவைக்கும்போது உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, குளிர்ந்த தண்ணீரில், கையால். ப்ளீச் கூடாது, பட்டை மேல் பிரஷ் கூடாது, இஸ்திரிப் பெட்டி கூடவே கூடாது. நிழலில் காயப் போடுங்கள். ஒளிர் சாயங்களுக்கு வெயில் தாங்கும் சக்தி குறைவு, வெயிலிலேயே கிடந்தால் நாளாக நாளாக வெளிறிவிடும். லேபிளில் இத்தனை சலவை என்று எண் போட்டிருந்தால் அது சும்மா போட்டதில்லை. அவ்வப்போது டார்ச் சோதனையைத் திரும்பச் செய்யுங்கள்.

காசு கொடுத்து வாங்க முடியாதவர்களுக்கு: வெள்ளிப் பட்டை மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. ஜிப், எலாஸ்டிக் விற்கும் அக்சஸரீஸ் கடைகளில் கேட்டுப் பாருங்கள், டார்ச் சோதனை செய்து வாங்குங்கள். பேன்ட் காலின் அடியில் சுற்றித் தைக்க ஒரு காலுக்கு அரை மீட்டர் போதும். சிங்கர் மெஷினில் ஐந்து நிமிட வேலை. எங்கள் லைனில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் நிறையப் பேர் பழைய சைக்கிள் வாங்கி, லைட் இல்லாமல் அறைக்குப் போகிறார்கள். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யார் பேன்ட் கொண்டு வந்தாலும் நானும் இன்னொரு அக்காவும் தைத்துக் கொடுக்கிறோம். இந்த ஊரில் மெஷினுக்கா பஞ்சம்? ஐடி கார்டு கொடுக்கிற கையோடு ஒவ்வொரு கம்பெனியும் சைக்கிளில் வருகிறவருக்கு ஒரு ஜோடிக் கணுக்கால் பட்டை கொடுக்கலாம் என்று எங்கள் மேனேஜரிடம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். உங்கள் கம்பெனியிலும் கேளுங்கள்.